ரூட்டுக்கு ஒரு ஷெல், ரெண்டு கையெழுத்து

அந்தக் கறுப்பு ஜன்னலை மூட வேண்டாம் தம்பி. நான் எட்டிப் பாத்தது தப்புதான், கோச்சுக்காதீங்க. ஜெபமாலையை உருட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற கிழவிக்கு உங்க லேப்டாப்புல என்ன வேலைன்னுதான் நினைப்பீங்க. வரி ஆரம்பத்துல அந்த ஹாஷ் குறி தெரிஞ்சுது. அது இருந்தா ரூட்டா உள்ள போயிருக்கீங்கன்னு அர்த்தம். அதைப் பாத்ததும் கண்ணு தானா அங்க போயிடுச்சு. முப்பத்தொரு வருஷப் பழக்கம், ரிட்டயர் ஆனா மட்டும் விட்டுடுமா?

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க ரூட்டுக்கு எந்த ஷெல் வச்சிருக்கீங்க?

பேஷ்னு ஒரு ஷெல் உண்டே, அதுவா? அது எந்த டிஸ்க்ல இருக்கு? ஓ, இப்பல்லாம் எல்லாம் ஒரே இடத்துலயே வந்துடுதா. நல்லது. அப்ப உங்களுக்குக் கவலை இல்ல. நீங்க வேலையைப் பாருங்க, நான் சும்மா இருக்கேன்.

நான் மாயவரம் போறேன். துக்கம் கேக்க. தையல்நாயகின்னு ஒருத்தி, என்கூட வேலை பாத்தவ. போன வெள்ளிக்கிழமை போயிட்டா. மூளையில ரத்தக்கசிவாம். ஐம்பத்தி ரெண்டு வயசு, அது சாகற வயசா சொல்லுங்க. எனக்கு அறுபத்தெட்டு, கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். அவகிட்ட நான் பேசி பதினெட்டு வருஷம் ஆச்சு. அவ என்கிட்டப் பேசி பதினெட்டு வருஷம் ஆச்சுன்னு சொல்லணும். பேச்சை நிறுத்தினது அவதான். நான் எந்தக் கெடுதலும் பண்ணல. ஒரு கெடுதலும் பண்ணல தம்பி.

எதிர் சீட்டு அம்மா எங்க ரெண்டு பேரையும் முழிச்சு முழிச்சுப் பாக்கறாங்க. உங்களுக்கும் சொல்லிடறேம்மா, ஒண்ணும் பெரிய வித்தையில்ல. ரூட்டுங்கறது தாய்ச்சாவி. அந்தப் பேர்ல உள்ள போனா மெஷின்ல எந்தக் கதவும் திறக்கும். ஷெல்லுங்கறது கவுண்டர்ல உக்காந்திருக்கிற கிளார்க். நீங்க தட்டறதை வாங்கி உள்ள குடுத்து, பதில் வாங்கிட்டு வரது அந்த ஆளுதான். யார் யாருக்கு எந்தக் கிளார்க்குன்னு முன்னாடியே எழுதி வச்சுடணும். சாவி உங்க கையில இருந்தாலும், உள்ள போறப்ப கவுண்டர்ல ஆள் இல்லைன்னா மெஷின் உங்களை அப்படியே வெளிய தள்ளிடும். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுதான்ல ஒரு குடும்பம் போச்சு.

நான் இருந்தது ஒரு பல்கலைக்கழகத்துல. பேரு எதுக்கு, விடுங்க. கம்ப்யூட்டர் சென்டர்ல தேர்வுப் பிரிவு மெஷின் என் பொறுப்பு. அமலோற்பவம்னா அங்க தெரியாதவங்க கிடையாது. செருப்பைக் கழட்டிட்டு, ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் அந்த ரூமுக்குள்ள போகணும். திருச்சி வெயில்ல ஸ்வெட்டர் போட்டு வேலை பாத்தவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ரூட் பாஸ்வேர்டு என் தலைக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு. எழுதி வைக்கிற வழக்கமே இல்ல.

தையலு வந்தப்ப அவளுக்கு இருபத்தஞ்சு வயசு. தொகுப்பூதியம். தொகுப்பூதியம்னா தெரியும்ல, வேலை எல்லாரையும் விட அதிகம், லீவு கிடையாது, நாளைக்கு வராதேன்னு சொன்னா வரக்கூடாது. வலது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. சின்ன வயசுல அடுப்புல விழுந்ததாம். அந்தக் கையை வச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்காளேன்னு முதல் நாள் எனக்குச் சிரிப்பா வந்துச்சு. ஆறே மாசத்துல என்னை விட வேகமா யோசிக்க ஆரம்பிச்சுட்டா. தட்டறதுதான் மெதுவு. யோசிக்கிறதுல பேய்.

என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. மத்தவங்களுக்கு எல்லாம் நான் மேடம். இவ மட்டும் முதல் நாளே அக்கான்னா, நானும் சரின்னு விட்டுட்டேன். எனக்குக் கூடப் பொறந்தவங்க இல்ல, கல்யாணமும் ஆகல, வேற யாரு கூப்பிடப் போறா. மத்தியானம் அவ டப்பாவுல பாதி எனக்கு, என் டப்பாவுல பாதி அவளுக்கு. நான் வெள்ளிக்கிழமை கவிச்சி எடுத்துட்டு வர மாட்டேன், அவ செவ்வாய்க்கிழமை. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கிறது அவ, எலுமிச்சம்பழம் நறுக்கித் தரது நான். பக்கத்துல ரெண்டாவது டிஸ்க் ஒண்ணு தனிப் பெட்டியா இருக்கும். அதுக்கும் மறக்காம ஒரு பொட்டு வைப்பா. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி சொல்றேன்.

அவ புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். ஒரு பொண்ணு, அபயாம்பாள்னு பேரு, அபயான்னு கூப்பிடுவா. குழந்தையை மாயவரத்துல தங்கச்சி வீட்டுல விட்டுட்டு இவ திருச்சியில ஹாஸ்டல்ல இருந்தா. சனிக்கிழமை ராத்திரி வண்டி ஏறி, ஞாயித்துக்கிழமை பொண்ணைப் பாத்துட்டு, திங்கக்கிழமை காலையில நேரா ஆபீஸ் வருவா. திங்கக்கிழமை மட்டும் முகம் வீங்கியிருக்கும். நிரந்தரம் ஆயிட்டா குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க. குவார்ட்டர்ஸ் வந்தா பொண்ணைக் கூட்டிட்டு வந்துடலாம். அவளுக்கு வேற ஆசையே கிடையாது. அந்த குவார்ட்டர்ஸ் வாசல்ல ஒரு முருங்கை மரம் இருக்கும், போறப்ப வரப்ப நின்னு பாப்பா. ஒன்பது வருஷம் பாத்தா.

அந்த ஒன்பதாவது வருஷம் புது டைரக்டர் வந்தார், கமலக்கண்ணன்னு. வந்த மூணாவது வாரம் என்னைக் கூப்பிட்டு, மேடம், நீங்க ஆவணங்களைப் பாத்துக்கங்க, மெஷினைத் தையல்நாயகி பாத்துக்கட்டும், அவங்க பேரை நிரந்தரத்துக்குப் பரிந்துரை பண்ணணும்னா இப்படி ஒரு பொறுப்பு குடுத்துக் காட்டணும்னார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்துலதான் சொன்னார். எனக்கு வயிறு எரிஞ்சுது. இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருபது வருஷம் என் தலைக்குள்ள இருந்த பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுன்னு சொன்னா எப்படி இருக்கும்? எழுதிக் குடுத்தேன். அவ அழுதுட்டா. அக்கா, இது நீங்க போட்ட பிச்சைன்னா. நான் எழுந்து காப்பி குடிக்கப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் நான் உண்டு என் ஃபைல் உண்டுன்னு இருந்தேன். அவ கேட்டா சொல்லுவேன். கேக்கலைன்னா நானா போய்ச் சொல்ல மாட்டேன். பொறுப்பு அவளோடது, நான் எதுக்கு மூக்கை நுழைக்கணும்? இதுல தப்பு இருக்கா தம்பி?

இப்ப அந்த ஷெல் விஷயத்துக்கு வரேன். அந்த மெஷின்ல ரூட்டுக்குப் பழைய ஷெல்லுதான் இருந்துச்சு. பழசுன்னா உங்களுக்குப் புரியும். ஒரு எழுத்து தப்பாத் தட்டினா மொத்த வரியையும் மறுபடி தட்டணும். மேல் அம்பை அழுத்தினா முன்னாடி தட்டினது வராது. தேர்வு வேலையில ஒவ்வொரு கட்டளையும் இந்த நீளம் இருக்கும். எங்களுக்கே கடுப்பாகும், அவ கைக்கு எப்படி இருக்கும்? சாயந்திரம் ஆச்சுன்னா அந்த ரெண்டு விரலையும் இடது கையால பிடிச்சு நீவிக்கிட்டே இருப்பா.

ஒரு நாள் பேஷ்ங்கற புது ஷெல்லை இறக்கினா. முதல் டிஸ்க்ல இடம் இல்ல, ரெண்டாவது டிஸ்க்ல போட்டா. தன் பேர்ல வச்சுப் பாத்தா, கைக்கு அவ்வளவு சுகமா இருக்குக்கான்னு குழந்தை மாதிரி சொன்னா. ஆனா வேலை முழுக்க ரூட்லதானே. அதனால ரூட்டுக்கும் அதையே மாத்திடலாம்னு யோசனை. எங்க ரூமுல ஒரு முறை உண்டு, நான் கொண்டு வந்த முறைதான். ரூட் கணக்குல எதை மாத்தினாலும் லாக் புக்குல எழுதி ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். மாத்தறவங்க ஒண்ணு, சரிபாத்தவங்க ஒண்ணு. ரெண்டாவது கையெழுத்து இல்லாம எதையும் தொடக்கூடாது.

அவ எழுதி எடுத்துக்கிட்டு என் மேஜைக்கு வந்தா. "அக்கா, ரூட்டுக்கு ஷெல்லை மாத்தட்டுமா? ஏதாவது ஆகுமா?"

நான் ஃபைல்லேர்ந்து தலையைத் தூக்கல. நீதானே இன்சார்ஜ்னு சொன்னேன்.

லாக் புக்கை என் பக்கம் நகத்தினா. அப்புறம், நீங்க ஒருதடவை பாத்துட்டீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்கும்னா. நான் பாத்தேன். தெளிவா எழுதியிருந்தா, பேஷ் எந்த டிஸ்க்ல எந்த இடத்துல இருக்குன்னு வரைக்கும். பாத்தவுடனே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. ரெண்டாவது டிஸ்க் என்னைக்காவது படுத்துச்சுன்னா ரூட்டுக்குக் கவுண்டர்ல ஆள் இருக்காது. அந்த மெஷின்ல பழுது பாக்கறதுக்குன்னு ஒரு தனி வழி உண்டு, அதுவும் இதே ஷெல்லைத்தான் தேடும். வழியே இல்ல. ஒரு வார்த்தை போதும் தம்பி. ரூட்டைத் தொடாதே, அதே அதிகாரத்தோட இன்னொரு பேர் போட்டு அதுக்கு உன் ஷெல்லை வச்சுக்கன்னு சொன்னாப் போதும். இதுக்கு முந்தின மெஷின்ல நான் அப்படித்தான் வச்சிருந்தேன். அவ கைக்கும் சுகம், மெஷினுக்கும் பாதுகாப்பு.

கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

ஏன்னா அவ அப்படிக் கேக்கல. ரெண்டாவது டிஸ்க் போனா என்ன ஆகும்னு கேக்கல. ஏதாவது ஆகுமான்னு பொத்தாம்பொதுவாக் கேட்டா என்ன சொல்றது? பொட்டு வைக்கத் தெரியுதுல்ல, ரெண்டு பெட்டிக்கும் தனித்தனியா? ரெண்டு டிஸ்க் இருக்குன்னு தெரியாதா அவளுக்கு? இன்சார்ஜ்னா இதெல்லாம் யோசிக்கணுமா இல்லையா? சரியாக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒரு தடவை தடுமாறட்டும், அப்ப வந்து கேப்பா, அப்பச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்கு மேல ஒண்ணும் நினைக்கல. சத்தியமா நினைக்கல.

இது என்ன ஸ்டேஷன், பாபநாசமா? சரி, இன்னும் நேரம் இருக்கு.

நாலு மாசம் ஒண்ணும் ஆகல. ஜனவரி வந்துச்சு. செமஸ்டர் ரிசல்ட் வெளியிடற நாள், காலை பத்து மணின்னு பேப்பர்ல போட்டாச்சு. அவளோட நிரந்தர ஃபைல் அந்த வாரம்தான் பதிவாளர் மேஜைக்குப் போயிருந்துச்சு. எனக்கு எப்படித் தெரியும்னா, தபால் பதிவேடு என்கிட்டதானே. அவளுக்கும் நான்தான் சொன்னேன். உன் ஃபைல் மேல போயிடுச்சுடின்னு சொன்னதும் ஓடிப்போய்ப் பால்கோவா வாங்கிட்டு வந்தா. பொண்ணுக்கு இந்த ஜூன்ல ஆறாங்கிளாஸ், இங்கேயே சேத்துடலாம்லக்கான்னு கேட்டா. பால்கோவா நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பிட்டேன்.

ரிசல்ட் அன்னைக்குக் காலையில கரண்ட் போச்சு. யுபிஎஸ் பேட்டரி பழசு, தாங்கல. மெஷின் படுத்து மறுபடி எழுந்துச்சு. முதல் டிஸ்க் வந்துச்சு. ரெண்டாவது டிஸ்க் க்ளக் க்ளக்குன்னு சத்தம் போட்டுட்டு அடங்கிடுச்சு. மார்க் எல்லாம் முதல் டிஸ்க்ல பத்திரமா இருந்துச்சு, ஒண்ணும் கெடல. ரூட்டா உள்ள போய் ரெண்டு வரி தட்டினா ரிசல்ட் வெளிய போயிடும். தையலு உக்காந்து பாஸ்வேர்டு போட்டா. மெஷின் வாங்கிக்கிச்சு, உள்ள விட்டுச்சு, அடுத்த நொடி வெளிய தள்ளிடுச்சு. மறுபடி போட்டா. மறுபடி தள்ளுச்சு. அந்த மடங்காத விரலை வச்சுக்கிட்டு எத்தனை தடவை போட்டிருப்பான்னு நினைக்கிறீங்க? நான் வாசல்ல நின்னு எண்ணினேன். பதினாலு தடவை.

அப்புறம் நிறுத்திட்டா. புரிஞ்சுபோச்சு அவளுக்கு. நாற்காலியைத் திருப்பி என்னைப் பாத்தா. எதுவும் கேக்கல. நானும் எதுவும் சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்கு, அதுக்கு மேல நான் உள்ள போனாலும் அதே கதிதான். மெட்ராஸ்லேர்ந்து கம்பெனி இன்ஜினியர் சிடியோட வரணும். மறுநாள் மத்தியானம் வந்தான். வந்து கால் மணி நேரத்துல சரி பண்ணிட்டான். அதுக்குள்ள வாசல்ல பிள்ளைங்க கூட்டம், பேப்பர்காரங்க, ஒரு அப்பா கல்லைத் தூக்கிட்டு வந்துட்டார், மகளுக்கு வெளிநாட்டு அட்மிஷன் அன்னைக்குக் கடைசி நாளாம். அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சோ, தெரியல.

ரெண்டு நாள் கழிச்சு விசாரணை. பதிவாளர் ரூம். டைரக்டர், நான், அவ. இன்ஜினியர் எழுதிக் குடுத்துட்டான், ரூட்டோட ஷெல்லை மாத்தினதுதான் காரணம்னு. பதிவாளர் முதல்ல என்னைத்தான் கேட்டார், நீங்க மாத்தினீங்களான்னு. இல்லைன்னு சொன்னேன். உண்மைதானே? பொய் சொல்லல நான். அப்புறம் அவளைக் கேட்டார். நான்தான் மாத்தினேன்னு சொன்னா.

"இதுக்கு யாராவது ஒப்புதல் குடுத்தாங்களாம்மா?"

தையலு என் பக்கம் திரும்பினா. நான் பதிவாளர் தலைக்கு மேல மாட்டியிருந்த காலண்டரைப் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு என்ன பயம்னா, அந்த வருஷம்தான் எனக்கு சீனியர் புரோகிராமர் வரணும், ஒரு மெமோ வந்தாலும் போச்சு. ஆனா அவ சொன்னா நான் மறுத்திருக்க மாட்டேன். லாக் புக் என் பீரோவுலதான் இருந்துச்சு, சாவி என் கைப்பையில. எடுத்துட்டு வான்னு சொன்னா எடுத்துட்டு வந்திருப்பேன். யாரும் சொல்லல. லாக் புக்குன்னு ஒண்ணு இருக்கிறதே பதிவாளருக்குத் தெரியாது.

"இல்லைங்க சார். நானாத்தான் மாத்தினேன்."

இதுதான் தம்பி என்னால இன்னைக்கு வரைக்கும் பொறுத்துக்க முடியாதது. எதுக்கு அப்படிச் சொன்னா? யாரு கேட்டா இவளை, என்னைக் காப்பாத்துன்னு? அக்கா பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாங்க சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் எழுந்து ஆமா சார்னு சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் ஒரு மெமோவோட முடிச்சிருப்பாங்க. சொல்ல விடல அவ. என் வாயை அடைச்சுட்டுப் போயிட்டா.

நிரந்தர ஃபைல் திரும்பி வந்துச்சு. தபால் பதிவேட்டுல நான்தான் வரவு வச்சேன். மாசக் கடைசியோட வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கடைசி நாள் ரூம் சாவியைக் குடுக்க என் மேஜைக்கு வந்தா. நான் எழுந்தே நின்னுட்டேன், ஏதாவது கேப்பான்னு. ஏன்க்கா சொல்லலன்னு கேட்டிருந்தாக்கூட, அங்கேயே அவ காலைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன். சாவியை மேஜை மேல வச்சா. "உங்க ஸ்வெட்டர் உள்ள மாட்டியிருக்கு மேடம்"னா. மேடம்னு சொன்னா. ஒன்பது வருஷத்துல முதல் தடவையா மேடம். துக்க வீட்லேர்ந்து போற மாதிரி, வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போனா.

நான் மாசம் தவறாமச் சாமியார்கிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றவ. இதைச் சொன்னதில்ல. பாவம்னா ஏதாவது செஞ்சிருக்கணும்ல? நான் என்ன செஞ்சேன்? பூசையில ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சொல்றோம், செய்யாம விட்டதுக்கும் சேத்து மன்னிப்புன்னு. அந்த இடம் வர்றப்ப மட்டும் எனக்கு இருமல் வரும். ஈசினோபீலியா, ரொம்ப நாளா இருக்கு.

மாயவரத்துல பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு ஜெராக்ஸ் கடையில அவ டைப் அடிச்சுக்கிட்டிருந்ததாக் கேள்விப்பட்டேன். அந்தக் கையோட. பதினெட்டு வருஷம். ஒரு விதத்துல பாத்தா, வேலை போனதாலதானே பொண்ணு கூடவே இருந்தா? இல்லைன்னா இன்னும் எத்தனை சனிக்கிழமை வண்டி ஏறியிருக்கணுமோ. இப்படியெல்லாம் நினைச்சுத்தான் மனசை ஆத்திப்பேன். ஆறாது. குவார்ட்டர்ஸ் எனக்குக் குடுத்தாங்க, சீனியர் ஆனதும். அதே வீடு, முருங்கை மர வீடு. எட்டு வருஷம் அங்க இருந்தேன், ஒரு நாள் ஒரு காய் பறிச்சதில்ல. பக்கத்து வீட்டுக்காரங்கதான் பறிச்சுக்குவாங்க.

போன சனிக்கிழமை போன் வந்துச்சு. சின்னப் பொண்ணு குரல். நான் அபயாம்பாள் பேசறேன், அம்மா நேத்து தவறிட்டாங்கன்னுச்சு. எல்லாருக்கும் சொல்லிட்டோம், அம்மா போன்ல அக்கான்னு ஒரு நம்பர் மட்டும் யாருன்னு தெரியல. எங்க அம்மாதான் வீட்டுல மூத்தவங்க, அவங்களுக்கு அக்கா கிடையாது. நீங்க யாருன்னு கேட்டுச்சு.

கட்டில்ல உக்காந்துட்டேன். அந்த நம்பரை நான் இத்தனை வருஷமா மாத்தவே இல்ல. ஏன் மாத்தலன்னு கேக்காதீங்க. அவளும் அழிக்கல. போனை எத்தனை தடவை மாத்தியிருப்பா, ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரையே போட்டு ஏத்தியிருக்கா. கூப்பிடவும் இல்ல, அழிக்கவும் இல்ல. நானும்தான் கூப்பிடல. ஏங்க, ஒரு நம்பரை அமுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆபீஸ்ல கூட வேலை பாத்தேம்மான்னு சொன்னேன். அப்புறம் கேட்டுச்சு. "ஆன்ட்டி, எங்க அம்மா அங்க என்ன தப்புப் பண்ணாங்க? கேட்டா, என் கவனக்குறைவுன்னு மட்டும் சொல்வாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

கேட்டுடுச்சு. இத்தனை வருஷத்துல யாருமே கேக்காததை, அம்மா செத்த மறுநாள் அந்தப் பொண்ணு கேட்டுடுச்சு. நேர்ல வந்து சொல்றேன் கண்ணுன்னு சொல்லி வச்சுட்டேன். அன்னைக்கெல்லாம் அழுதேன். என் அம்மா செத்தப்பக்கூட அப்படி அழல.

இதோ, இந்தப் பையிலதான் இருக்கு. ரிட்டயர் ஆனப்ப எடுத்துட்டு வந்துட்டேன். பாருங்க, நீல காலிகோ பைண்டு, கரையான் கொஞ்சம் ஓரத்துல தின்னிருக்கு. நூத்திப் பன்னெண்டாம் பக்கம். தானா விரியும், அத்தனை தடவை பிரிச்சிருக்கேன். மேல இருக்கிறது அவ எழுத்து, வலது பக்கம் சாயும். கீழ ரெண்டு கையெழுத்து. இடது பக்கம் தையல்நாயகி. வலது பக்கம் சரிபார்த்தேன்னு போட்டு, கீழ இருக்கிறது நான். எவ்வளவு அழகாப் போட்டிருக்கேன் பாருங்க, ஒரு நடுக்கம் இல்ல. இதை அந்தப் பொண்ணு கையில வச்சு, உங்க அம்மா கேக்க வேண்டியவங்ககிட்டக் கேட்டுட்டுத்தான்மா செஞ்சா, தப்பு அவ மேல இல்லைன்னு சொல்லணும். அதுக்குத்தான் போறேன்.

குத்தாலம் தாண்டிடுச்சா? அப்ப வந்துடுச்சு. அந்தப் பையைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க தம்பி. செருப்பு எங்க போச்சு... ஆங், இருக்கு.

நான் யோசிச்சுப் பாத்தேன், துக்க வீடு. சொந்தக்காரங்க எல்லாம் உக்காந்திருப்பாங்க. அழுதுக்கிட்டிருக்கிற பொண்ணுகிட்டப் போய் டிஸ்க்கு, ஷெல்லுன்னு ஆரம்பிச்சா நல்லாவா இருக்கும்? அதுக்கு என்ன புரியும்? பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிச்சிருக்காம். இருந்தாலும். அம்மா போன துக்கத்துல ஏதோ வாய் தவறிக் கேட்டிருக்கும், இந்நேரம் மறந்திருக்கும். இன்னொரு நாள் ஆகட்டும். பதினாறு முடியட்டும்.

இல்ல, அந்தப் புக்கு சீட்லயே இருக்கட்டும். பை கனக்குது. உங்களுக்கு ஏதாவது பயன்படும், வச்சுக்கங்க. வேண்டாம்னா மெட்ராஸ் போனதும் எங்கயாவது போட்டுடுங்க. வழி விடுங்கம்மா, இறங்கணும்.

என்ன தம்பி, ஜன்னல் வழியா நீட்டறீங்க? நான் மறந்து வைக்கல. நான் சொல்லாம இருக்கப் போறேன்னு நினைக்காதீங்க. அந்தப் பொண்ணு மறுபடி கேட்டுச்சுன்னா எல்லாத்தையும் சொல்லிடுவேன். ஒண்ணு விடாமச் சொல்லிடுவேன். அதுவா கேக்கணும், அவ்வளவுதான்.

வண்டி நகருது, கையை உள்ள எடுங்க தம்பி. விரல்ல அடிபட்டுடப் போகுது.